ரெண்டு நாள் கழிச்சா சொல்லுவ?

சின்னப்பாலம், பாம்பன்.

தாயி,

போன்ல பேசினா அழுதுருவேன்னுதான் எழுதுறேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல.

ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடப் போயி விரல்ல குத்திருச்சுன்ன. ராத்திரி டூட்டி, ஆள் பத்தாத வார்டு, கை தவறத்தான் செய்யும். ஆனா ரெண்டு நாளு எதுக்கு மறைச்ச? இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுவாகன்னா? அப்பாவுக்கு இன்சுலின் போட்டுட்டு நான் மூடியத் தேடுனப்ப, "போட்ட ஊசிக்கு மூடி போடாதம்மா, அப்பத்தான் குத்தும்"னு கத்துனவ நீ. ஊசியப் போட கெட்டி டப்பா வாங்கி வச்சுட்டுப் போனவளும் நீதான்.

எச்.ஐ.வி. தொத்தாம இருக்க 72 மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கணும், ரெண்டு மணி நேரத்துலயே ஆரம்பிச்சா நல்லதுன்னு நீ சொன்னதும் விரல் விட்டு எண்ணுனேன். செவ்வா ராத்திரி குத்தி, வியாழன் சாயங்காலம் வாய் தொறந்திருக்க. ஈரக்கொலை நடுங்கிருச்சு. எச்.ஐ.வி. உள்ளவுக ரத்தம்னாலும் 1,000 குத்துல 3 பேருக்குத்தான் தொத்தும்னு சமாதானம் சொன்ன. எனக்கு அந்தக் காமாலைக் கிருமி, ஹெபடைடிஸ் பி, அதுதான் உறுத்துது. அந்தக் கிருமி உள்ளவுக ரத்தம்னா, தடுப்பூசி இல்லாதவுகளுக்கு 100 குத்துக்கு 6-லருந்து 30 வரைக்கும் தொத்தும்னியே. மூணாவது தடுப்பூசி ஆறாம் மாசம் போடணும்ன, போட்டியா? ரத்தத்துல எதிர்ப்பு வந்திருக்கான்னு டெஸ்ட் பாத்தியா? இதுக்கு மட்டும் நீ பதிலே சொல்லல.

அமாவாசைக்கு ஆறு நாளு, பௌர்ணமிக்கு ஆறு நாளுன்னு கடல்பாசி எடுக்க முங்குறோம். விரல்ல துணி சுத்தாம எவளும் இறங்க மாட்டா. ஒருக்கா துணி அவுந்து பாறை கிழிச்சுருச்சு. கூட வந்தவளுக நம்மளால வேலை கெட்டுருச்சும்பாளுகன்னு நானும் மூச்சு விடல. மூணாம் நாளு விரல் சுரைக்காயா வீங்கி, அந்தப் பௌர்ணமிப் பாடே போச்சு. கிழிச்சா வாயில வச்சுச் சப்புறது எங்க பழக்கம். நீ சப்பலல்ல? பிதுக்காம, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவணும்னு எனக்குச் சொன்னவ நீ.

ஊசி குத்துனத ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல எழுதச் சொல்லு. எழுதுன பக்கத்தைப் போட்டோ எடுத்து வச்சுக்க. பின்னால ஒண்ணுன்னா, டூட்டியில குத்துனதுதான்னு காட்ட அது வேணும். திட்டுனா திட்டிட்டுப் போறாக.

மாத்திரை குமட்டுதுன்ன. நெத்திலிக் கருவாடு இப்ப வேணாம், கருப்பட்டி அனுப்புறேன். 28 நாளும் விடாமப் போடு. முடியிற தேதிய நம்ம வீட்டுக் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன். என்னன்னு அப்பா கேட்டாக. சிலிண்டர் பதிய வேண்டிய நாளுன்னு சொல்லியிருக்கேன்.

அம்மா