ஆண்டறிக்கை 2024–25: மினிட்ஸ் புக்ல அந்தப் பக்கம் ஏன் ஒட்டியிருக்கு

நம்ம குடியிருப்போர் சங்கத் தலைவர், பொருளாளர், வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். வழக்கமான சமாச்சாரத்த சீக்கிரம் முடிச்சிடறேன். தெரு லைட் ஆறு மாத்தியாச்சு, தண்ணி லாரி இப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருது, கால்வா தூர் வார மூணு மனு குடுத்தோம், ஆளுங்க வந்து அள்ளி கரையிலயே போட்டுட்டு போனாங்க, அடுத்த மழைக்கு எல்லாம் திரும்ப உள்ளயே போயிடுச்சு. ஆடி மாசம் கூழ் ஊத்தினது நல்லபடியா நடந்துச்சு. சந்தா பாக்கி பத்தி பொருளாளர் சொல்வாரு, அவர் சொல்ற விதமே வேற.

இப்ப மினிட்ஸ் புக். 43ம் பக்கத்துல வெள்ள பேப்பர் ஒட்டியிருக்கே, என்னத்த மறைக்கிறீங்கன்னு க்ரூப்ல ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. கணக்கு எதுவும் மறைக்கல. அங்க ஒருத்தர் பேரு இருந்துச்சு. எழுதினது நான்தான்.

நம்ம ஏரியால வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம் (எந்த தெரு, ஆம்பளயா பொம்பளயா எதுவும் இங்க வராது), அவங்க வீட்ல ஒரு மாத்திரை டப்பாவ யாரோ பாத்து, பேர போன்ல தட்டி, எச்ஐவி மருந்துன்னு கண்டுபிடிச்சு ராத்திரிக்குள்ள க்ரூப்ல போட்டாச்சு. காலையில அவசர கூட்டம். வேணும்னே பரப்ப வந்திருக்காங்க, கொலை முயற்சி கேஸ் போடணும்னு ஆளாளுக்கு கத்த, நானும் பேரோட தீர்மானம் எழுதி ஸ்டேஷனுக்கு லெட்டர் ரெடி பண்ணி கையெழுத்தும் போட்டேன். 2020ல கொரோனா டைம்ல ராயபுரம், தண்டையார்பேட்டைன்னாலே ஊரே ஒதுங்கிப் போச்சு, நம்ம தெருவுக்கே தகரம் அடிச்சாங்க, அப்ப எவ்ளோ வயித்தெரிச்சல் பட்டோம். பேனாவ எடுத்தப்ப அது எனக்கு ஞாபகமே வரல.

நல்ல வேளை, குடுக்கறதுக்கு முன்னாடி நம்ம வக்கீல் தம்பிகிட்ட காட்டினேன். படிச்சிட்டு, "அண்ணா, இத குடுத்தா கேஸ் உங்க மேலதான் வரும்"னாரு.

ஞாயித்துக்கிழம கூட்டத்துல அவர் சொன்னத புரிஞ்ச அளவுல எழுதறேன். எச்ஐவி இருக்கறதே குத்தம்னு நம்ம நாட்ல சட்டம் கிடையாது. உயிருக்கு ஆபத்தான நோய் பரவற மாதிரி அலட்சியமா ஒரு காரியம் பண்ணா பழைய ஐபிசில (இந்திய தண்டனை சட்டம்) 269வது பிரிவு, கெட்ட எண்ணத்தோட பண்ணா 270. 2024 ஜூலை 1லருந்து அதுக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல அதுவே 271, 272. மொதல்ல சொன்னதுக்கு ஆறு மாசம் வரைக்கும், அடுத்ததுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும். ஆனா அப்டி ஒரு காரியம் நடந்திருக்கணும், அதுல நோய் பரவ வாய்ப்பும் இருக்கணும். பக்கத்து வீட்ல குடியிருக்கறது, ஒரே குழாய்ல தண்ணி புடிக்கறது, கூழ் வாங்கி குடிக்கறது இதுல எல்லாம் எச்ஐவி பரவவே பரவாது, அப்பறம் என்ன கேஸ்.

இன்னொன்னு எச்ஐவி எய்ட்ஸ் தடுப்பு சட்டம், 2017ல போட்டது, 2018 செப்டம்பர் 10லருந்து அமல்ல இருக்கு. எச்ஐவின்னு சொல்லி வாடகை வீடு மறுக்கக்கூடாது, அது 3வது பிரிவு. வெறுப்ப பரப்பக்கூடாது, அது 4. பரப்பினா மூணு மாசத்துலருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ஒரு லட்சம் வரைக்கும் ஃபைன், ரெண்டும் கூட விழலாம். க்ரூப்ல ஃபார்வேர்ட் பண்ணவங்க கொஞ்சம் கணக்கு போட்டு பாருங்க.

இட்லி கடை அக்கா எழுந்து, "சரி தம்பி, தெரிஞ்சே பொண்டாட்டிகிட்ட சொல்லாம இருந்தா?"ன்னு கேட்டாங்க. அதுக்கு 10வது பிரிவாம். தெரிஞ்சவங்க அடுத்தவங்களுக்கு பரவாம ஜாக்கிரதையா இருக்கணும், பாதுகாப்பா நடந்துக்கறதோ, முன்கூட்டியே சொல்லிடறதோ அதுல வரும். பொம்பளைங்களுக்கு ஒரு விலக்கு இருக்கு, சொன்னா அடிப்பான், வீட்டவிட்டு தொரத்துவான்னு நியாயமான பயம் இருந்தா உறவு விஷயத்துல அந்தப் பிரிவு அவங்களுக்கு பொருந்தாது. அக்கா ஒண்ணும் பேசாம உக்காந்துட்டாங்க.

தம்பி கூட ஒரு கவுன்சிலர் மேடமும் வந்திருந்தாங்க (வார்டு கவுன்சிலர் இல்ல, ஆஸ்பத்திரி கவுன்சிலர்). மாத்திரைய விடாம போட்டு ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு கொறைஞ்சிட்டா உடலுறவுல கூட பரவாதுன்னு அவங்க சொன்னப்பதான் எனக்கு சுருக்குனு இருந்துச்சு, எந்த டப்பாவ பாத்து பயந்தோமோ அந்த டப்பாதான் பரவாம தடுக்குது. 2004லருந்து அரசாங்கமே இலவசமா குடுக்கற மருந்து. "டெஸ்ட் எடுத்தாதான தெரியும், தெரிஞ்சாதான கேஸு, அதனால டெஸ்ட்டே வேணாம்னு ஓடிடறாங்க சார்"னாங்க. அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல எச்ஐவிக்குன்னே இருந்த கிரிமினல் சட்டத்த 2021ல தூக்கியே போட்டுட்டாங்களாம். நம்ம நாட்ல மொத மொதல்ல இத கண்டுபிடிச்சதே 1986ல மெட்ராஸ்லதான், டாக்டர் சுனிதி சாலமன். நாப்பது வருஷம் ஆகப்போகுது, நாம இன்னும் டப்பாவ போட்டோ எடுத்துட்டு இருக்கோம்.

லெட்டர கிழிச்சாச்சு, தீர்மானம் ரத்து. ஆனா அந்தக் குடும்பம் ஞாயித்துக்கிழம கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரியே குட்டி யானைல சாமான ஏத்திக்கிட்டு போயிட்டாங்க. போன் ஸ்விட்ச் ஆஃப். வீட்டுக்காரர்கிட்ட இருந்த அட்வான்ஸ் பாக்கிய வாங்கி பொருளாளர்கிட்ட தனி கவர்ல வெச்சிருக்கோம், யாருக்காவது அவங்க கூட பேச்சு இருந்தா தகவல் மட்டும் சொல்லுங்க, அட்ரஸ் எங்களுக்கு வேணாம்.

மினிட்ஸ் புக்ல பக்கத்த கிழிக்கக்கூடாதுன்னு ஆடிட்டர் சொன்னதால ஒட்டியிருக்கு. லைட்டுல காட்டி படிக்கப் பாக்காதீங்க, கருப்பு மார்க்கர் ரெண்டு தடவ அடிச்சிட்டுதான் ஒட்டினேன்.

இப்படிக்கு,
செயலாளர்