முதல் கையெழுத்து

அன்புள்ள கலா,

நான்கு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மா நலமா? அந்தச் சைக்கிளை நீ இன்னும் விற்கவில்லையாமே, ரமணி சொன்னாள்!

பிளான்ட் குவாரன்டைன் பயிற்சி, அதுதான் சரக்கோடு பூச்சி வருகிறதா என்று சோதிக்கும் வேலைக்கான பயிற்சி, முடிந்துவிட்டது. நேற்று தனியாக முதல் சரக்குக்குக் கையெழுத்துப் போட்டேன். இரவு தூக்கமே வரவில்லை.

பூச்சிப் பெயர்களை மனப்பாடம் செய்யும் வேலை என்றுதானே நாம் நினைத்தோம்? சல்லடை, வெள்ளைத் தாள், பத்து மடங்கு லென்ஸ் என்று பாதி நாள் கைவேலைதான். ஒருநாள் பயிற்சியாளர் காலிச் சாக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் இல்லை என்றேன். தையல் மடிப்பைப் பிரித்தார். தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டின் புழு உரித்துப் போட்ட தோல்கள், ரோமத்தோடு! தீனியே இல்லாமல் இடுக்கில் வருடக்கணக்கில் அந்தப் புழு உயிரோடு கிடக்குமாம். 'காலி' என்ற சொல்லை அதற்கப்புறம் நான் நம்புவதில்லை.

சரக்கை அடைத்து வரும் பெட்டி, பலகை போன்ற பேக்கிங் மரத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, 30 நிமிடம் நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் பூச்சியைக் கொல்லும் விஷ வாயுவால் புகைமூட்டியிருக்க வேண்டும். அதற்கான முத்திரை மரத்தில் இருக்கும். ஆஷ் மரங்களைத் துளைத்து அழிக்கும் எமரால்டு ஆஷ் போரர் வண்டு அமெரிக்காவுக்குள் இப்படிப்பட்ட மரத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். 2002-ல் கண்டுபிடிக்கும்போது அது அங்கே வந்து பல வருடம் ஆகியிருந்தது. கோடிக்கணக்கான மரங்கள் போய்விட்டன. அதை உள்ளே விட்ட கையெழுத்து யாருடையதோ, அவருக்கே தெரிந்திருக்காது.

கலா, நீ கணக்கு டீச்சர், இதைச் சரிபார்த்துச் சொல். பெரிய சரக்கில் நூற்றுக்கு ஒரு பழத்தில் பூச்சி இருக்கிறது என்று வை. நான் 300 பழம் பார்த்தால், ஒன்றாவது சிக்க 95 சதவீத வாய்ப்பு. 0.99-ஐ 300 தடவை பெருக்கிப் பார், ஏறக்குறைய 0.05 வரும். சரக்கு இன்னும் பெரிதானாலும் அதே 300 போதும். ஆனால் அப்படிப்பட்ட சரக்கு இருபது வந்தால் ஒன்று என் கண்ணில் படாமல் போய்விடும், இல்லையா?

அதுவும், மாதிரி எல்லா இடத்திலிருந்தும் எடுத்தால்தான். கதவருகே கைக்கு எட்டும் பெட்டிகளை மட்டும் பிரித்தால் அந்தக் கணக்கே செல்லாது. நேற்று கன்டெய்னரின் கடைசி வரிசைவரை இறக்கச் சொன்னேன். இறக்கியவர்கள் முகம் சுளித்தார்கள். லாரிக்காரர் இரண்டு தடவை வந்து மணி கேட்டார். மூன்று மணி நேரம், ஒவ்வொரு பழத்தையும் காம்பின் அடிவரை திருப்பிப் பார்த்தேன். எதுவும் இல்லை. 'பூச்சி காணப்படவில்லை' என்று எழுதும்போது கை நடுங்கியது. 'பூச்சி இல்லை' என்று எழுத எனக்கு என்றைக்கும் துணிவு வராது.

நாளை விடியற்காலையே இன்னொரு கன்டெய்னர். புகைமூட்டியது, அதனால் கதவைத் திறந்து காற்றோட்டம் விட்டு, வாயு அளவு பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். கணக்கைப் போட்டு உடனே எழுது.

உன்,
சுமதி