மெஸ் தட்டில் காய் எங்கே?

ஆசிரியருக்கு,

என் மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன மாதம் பார்க்கப் போனபோது, டோக்கன் வாங்கி அவளோடு மெஸ்ஸில் சாப்பிட்டேன். தட்டு நிறையச் சோறு, சாம்பாரில் ஒரே ஒரு முருங்கைத் துண்டு, ஓரத்தில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு வறுவல். "கீரை எப்பம்மா போடுவாங்க?" என்று கேட்டேன். "வியாழக்கிழமை போடுவாங்கப்பா. மண்ணு நறநறங்கும், யாரும் தொட மாட்டோம்" என்றாள். மனசு கேட்கவில்லை.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டி, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது. உலக சுகாதார நிறுவனமோ உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அப்படியென்றால் அன்று மதியம் அவள் சாப்பிட்ட காய் அந்த முருங்கைத் துண்டு மட்டும்தான்.

பிள்ளைகள் பப்ஸும் பரோட்டாவும்தான் கேட்கிறார்கள் என்று சொல்லிவிடுவது நியாயமில்லை. கல்லூரி வாசலில் வேறு என்ன கிடைக்கிறது? எங்கள் பக்கம் ஆயக்குடி கொய்யா சீசனில் கொட்டிக் கிடக்கும். ஆரஞ்சைவிட அதில் வைட்டமின் சி பல மடங்கு அதிகம். ஆளுக்குத் தினம் ஒரு பழம் கொடுத்தால் மெஸ் கட்டணம் கொஞ்சம் ஏறலாம். பெற்றோர் நாங்கள் தருகிறோம். கீரையை நாலு தண்ணீரில் அலசிப் போடச் சொல்லுங்கள். அப்புறம், மெஸ் ஒப்பந்தத்தில் காய் இத்தனை கிராம், பழம் இத்தனை கிராம் என்று கல்லூரிகள் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

– ஒரு தந்தை, பழநி