கதவைத் தள்ளிப்போட்ட அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

எனக்கு ஆபரேஷன் நடந்ததையெல்லாம் திரும்ப எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தவர்கள்தான். நான் படுத்திருந்தபோது ஒரு இல்லத்தில் விட்டிருந்த என் மாற்றுத்திறனாளிப் பையனை நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். வாசலில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அத்தனை கோபம். ராத்திரி தயிர்சோறு ஊட்டியதும் சரியாகிவிட்டான். இப்போது தூங்குகிறான், எழுந்திருப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

என் ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. பையனுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான நிராமயா மருத்துவக் காப்பீடு இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் வருகிறது. ஆனால் அம்மாக்காரி படுத்துவிட்டால் 32 கிலோ பையனைத் தூக்குவது யார், குளிப்பாட்டுவது யார் என்பதற்கு இதில் எதிலும் வழியில்லை. அம்மாவுக்கு நோயே வராது என்று நினைத்துவிட்டார்கள் போல! சமர்த் திட்டத்தில் கொஞ்ச நாள் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள் உண்டாம். நாங்கள் தேடிய நேரத்துக்கு இடம் அமையவில்லை. கடைசியில் கிடைத்த இல்லத்தில் ஒரு நாளைக்கு 800 ரூபாய். 21 நாளுக்கு 16,800.

எங்கள் பனியன் கம்பெனியில் 20 பேர் சேர்ந்து மாதம் ஆயிரம் ரூபாய் குலுக்கல் சீட்டுப் போடுகிறோம். அந்த மாதம் சீட்டு விழுந்தது செக்கிங் அக்காவுக்கு. நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. சூப்பர்வைசரிடம் லீவு சொல்லிக்கொண்டிருந்தது பக்கத்து டேபிளில் அவர் காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது என் கையில் ஒரு முடிச்சைத் திணித்தார். கட்டிங் வேஸ்ட் துணியில் கட்டிய 20,000 ரூபாய். பாதி நூறு ரூபாய்த் தாள்கள்.

அந்தப் பணத்தில் அவர் குளியலறைக்குக் கதவு போடுவதாக இருந்தார். வயசுக்கு வந்த பெண் இருக்கும் வீடு, இத்தனை வருஷமாக அங்கே பழைய சேலைதான் தொங்குகிறது. அது எங்களுக்கெல்லாம் தெரியும். வேண்டாங்க்கா என்றேன். "சேலை எங்கயும் ஓடிப்போயிராது கண்ணு, நீ மொதல்ல படுத்து எந்திரி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். இல்லத்துக்குக் கட்டியது போக மிஞ்சிய 3,200 டயபருக்கும் வண்டி வாடகைக்கும் சரியாக இருந்தது.

அந்த முடிச்சுத் துணியை நான் இன்னும் தூக்கிப்போடவில்லை.

காலையும் மாலையும் வந்து பையனைத் தூக்கி உட்காரவைக்கும் பக்கத்து வீட்டுத் தம்பிகள், விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்துகொடுத்து ஜெராக்ஸுக்குக்கூடக் காசு வாங்காத கடைக்காரண்ணன், ரசம் வைத்துக் கொடுத்தனுப்பியவர்கள், என் மிஷினை இன்னொருவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்த லைன் ஆட்கள், இல்லத்தில் அவனுக்கு ஊட்டிவிட்ட அந்தச் சின்னப் பெண் எல்லாருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் மறதிதான், மனதில் ஒன்றுமில்லை.

ஆறு வாரத்துக்குக் குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது முடிந்து வேலைக்கு வந்ததும், வாரச் சம்பளத்தில் 50 ரூபாயைத் தனியாக ஒரு டப்பாவில் போடப்போகிறேன். இதேபோலப் பிள்ளையை வைத்துக்கொண்டு படுத்துவிட்ட இன்னொரு அம்மாவுக்கு அது நாலு நாளாவது உதவும்.

அக்கா, குலுக்கலில் இனி என் பெயர் எப்போது வந்தாலும் அந்தப் பணம் உங்களுடையது. கதவு நீலமா பச்சையா என்று இப்போதே உங்கள் பெண்ணிடம் கேட்டு வையுங்கள்.