மூடியைத் திறந்து பார், ஒன்றும் ஆகாது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து இப்போது மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், ஒரு பிரெட் சுட்டால் தீருகிற வழியைக் காணோம்.

மகள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த, மாவைப் பிசைந்து பொங்கவிட்டுத் தானே சுட்டும் தருகிற பிரெட் மெஷின் அட்டைப்பெட்டியோடு பரணில் கிடக்கிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். முதலில் அதன் பின்பக்கமோ அடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படி. 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகிவிடாதே, புகைதான் வரும். 230ஐ 120ஆகக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மெஷின் 500, 600 வாட் இழுக்கும் என்பதால் 1000 வாட் உள்ளதாகவே வாங்கிவிடு.

அப்புறம் பாத்திரத்தின் உள்சுவரைத் தடவிப் பார், மேடாக வரி ஏதாவது கையில் தட்டலாம். ஜப்பானில் மாட்சுஷிடா கம்பெனி 80களில் இந்த மெஷினைச் செய்யப் பார்த்தபோது மேலே தீய்ந்துபோகும், உள்ளே வேகாது, மாவு சரியாகப் பிசைபடவில்லை. அங்கே வேலை பார்த்த இகுகோ தனகா என்ற பெண் ஒசாகாவில் ஒரு பெரிய ஓட்டலின் தலைமை பேக்கரிடம் போய் மாவு பிசையக் கற்றுக்கொண்டார். அந்த பேக்கர் மாவை இழுக்கும்போதே ஒரு முறுக்கும் கொடுப்பதைக் கவனித்துவிட்டு வந்து சொல்ல, மெஷினிலும் மாவு அப்படியே இழுபட்டு முறுக்கேற உள்ளே வரிகளை வைத்தார்கள். 1987இல் கடைக்கு வந்தது. பிரெட்டை விட எனக்கு இந்தக் கதைதான் பிடிக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூட வரும் புத்தகத்தில் உள்ள அளவு அந்த ஊர் மாவுக்கு, அந்த ஊர்க் குளிருக்கு. அங்கே பிரெட்டுக்கென்று விற்கும் மாவில் புரதம் 12, 13 சதவீதம் இருக்கும், நம் மைதாவில் அவ்வளவு இருக்காது, அதனால் அதே தண்ணீரை ஊற்றினால் கொழகொழவென்று ஆகி, பொங்கி, கடைசியில் நடுவில் குழி விழுந்துவிடும். கோதுமை மாவு நேர்மாறு. கல் இயந்திரத்தில் அரைபடும்போது அதன் மாவுச்சத்து உடைந்துபோவதால் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் தடவை 400 கிராம் மைதா, 240 கிராம் தண்ணீர், 7 கிராம் உப்பு, ஒரு மேஜைக்கரண்டி சர்க்கரை, 20 கிராம் வெண்ணெய், மாவைப் பொங்க வைக்க 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்று வைத்துக்கொள். தண்ணீரையும் தராசில்தான் நிறு, டம்ளர் கணக்கெல்லாம் இதில் உதவாது. பாதிக்குப் பாதி கோதுமை மாவு போட்டால் தண்ணீர் 270 வரை போகலாம்.

பெரும்பாலான மெஷின்களில் தண்ணீர் முதலில், அதன்மேல் மாவு, உச்சியில் ஒரு குழி பறித்து ஈஸ்ட், உப்பு ஒரு மூலையில். சிலவற்றில் ஈஸ்ட் அடியில் போகும், அதை மட்டும் புத்தகம் சொல்கிறபடி கேள். வெதுவெதுப்பான தண்ணீர் என்று எழுதியிருப்பார்கள், சித்திரை மாத மதுரையில் அது வேண்டவே வேண்டாம், பிரிட்ஜ் தண்ணீரே சரி, பிசைகிற சூடு வேறு சேருகிறது. வெயில் காலத்தில் ஈஸ்டையும் 3 கிராமாகக் குறை. உப்பைக் குறைக்காதே, உன் பிரஷருக்காக என்றாலும் ரொம்பக் குறைக்காதே, ஈஸ்டைக் கட்டுக்குள் வைப்பது அதுதான்.

பட்டனை அமுக்கிவிட்டு டிவி பார்க்கப் போகாதே. பிசைய ஆரம்பித்து ஐந்து, பத்து நிமிடத்தில் மூடியைத் திற. பேக் ஆகும்போதுதான் திறக்கக் கூடாது, பிசையும்போது திறந்தால் ஒன்றும் ஆகாது. மாவு ஒரே உருண்டையாகச் சேர்ந்து, சுவரில் ஒட்டாமல், அடியில் மட்டும் லேசாகப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். தொட்டால் பூரி மாவை விடத் தளர்வாக, விரலில் கொஞ்சமாக ஒட்டி விடுபட வேண்டும். தனித்தனிக் கட்டியாக உருண்டு மெஷின் தடதடவென்று முக்கினால் ஒரு ஸ்பூன் தண்ணீர், உருண்டையே சேராமல் சேறாகக் கிடந்தால் ஒரு ஸ்பூன் மாவு. போட்டுவிட்டு இரண்டு நிமிடம் பொறு, உடனே இன்னொரு ஸ்பூன் போடத் தோன்றும், போடாதே. இதைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் புத்தகத்தைப் பரணிலேயே வைத்துவிடலாம்.

ஒரு தடவை ஓடி முடிய மூன்றிலிருந்து நான்கு மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் சில நிமிடங்கள் வரைதான் பல மெஷின்களுக்கு ஞாபகம் இருக்கும். போனால் போகட்டும், மாவை எடுத்து உருட்டித் தட்டி தோசைக்கல்லில் போட்டுவிடு, நான் ரொட்டி மாதிரி அருமையாக வரும். ராத்திரி டைமர் வைக்கிற ஆசை வந்தால் அன்றைக்குப் பால், முட்டை சேர்க்காதே, இந்தச் சூட்டில் கெட்டுப்போகும்.

வெந்ததும் உடனே பாத்திரத்திலிருந்து கவிழ்த்துவிடு, உள்ளேயே விட்டால் ஓரம் நமத்துவிடும். பிரெட்டின் அடியில் மாவு பிசைகிற பிளேடு சிக்கியிருக்கும், கத்தியால் நோண்டினால் கோட்டிங் போய்விடும், மரக்கரண்டிக் காம்பால் நெம்பு. ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு அறு. உன்னால் பொறுக்க முடியாது என்று தெரியும், சொல்லி வைக்கிறேன்.

ஈஸ்ட் சின்ன பாக்கெட்டாக வாங்கி, பிரித்ததும் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வை. முதல் பிரெட்டைக் குறுக்காக அறுத்து உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, மேலே எவ்வளவு பொங்கியிருக்கிறது என்பதை விட உள்ளே ஓட்டை எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் என்னால் ஏதாவது சொல்ல முடியும். பிசியோதெரபியை நிறுத்திவிடாதே. அண்ணிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்