கட்டையில் புதைந்த குண்டு

கடலூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மறுபடியும் காலைநடை போகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன்.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் உன் பேத்தியின் கணக்கைப் பார்த்தேன். நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வரும் 10 கிராம் குண்டு, கயிற்றில் தொங்கும் 2 கிலோ மரக்கட்டைக்குள் புதைந்தால் கட்டை எவ்வளவு உயரம் எழும்பும்? ஆற்றல் அழியாது என்ற துணிவில், குண்டின் இயக்க ஆற்றலான 800 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலின் அலகு) முழுவதையும் அவள் அப்படியே கட்டைக்குக் கொடுத்துவிட்டாள். விடை 40 மீட்டரைத் தாண்டிவிட்டது. பத்து மாடி உயரத்துக்குப் பறக்கும் கட்டையைக் கண்டு அவளே சந்தேகப்பட்டாளே, அதுவே பாதி இயற்பியல்.

ஆற்றல் அழியவில்லைதான், ஆனால் குண்டு மரத்தைக் கிழித்துக்கொண்டு நுழையும் இமைப்பொழுதில் அதன் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் உந்தம் அப்படிக் கரைவதில்லை. குண்டு கட்டையைத் தள்ளும் விசையும், கட்டை குண்டைத் தடுக்கும் விசையும் ஒவ்வொரு கணமும் சமமாகவும் எதிராகவும் இருப்பதால், ஒன்று இழந்ததை மற்றொன்று பெற்றே தீரவேண்டும். ஆகவே குண்டின் உந்தமாகிய 4 அலகை, இரண்டும் சேர்ந்த 2.01 கிலோவால் வகுத்தால், கட்டை புறப்படும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். அதற்குப் பிறகுதான் ஆற்றல் விதிக்கு வேலை. உயரம் 20 சென்டிமீட்டர். மிஞ்சிய ஆற்றலோ வெறும் 4 ஜூல், இருநூற்றில் ஒரு பங்கு!

இந்தக் கணக்குக்கு மூலமான கருவியை அமைத்தவர் நம் ஊர் மண்ணில் இறந்தவர் என்பது உனக்குத் தெரியுமா? பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர், 1742இல் வெளியிட்ட நூலில், ஊசலாகத் தொங்கவிட்ட கட்டையில் சுட்டு, அதனுடன் இணைத்த நாடா எவ்வளவு இழுபட்டது என்று அளந்தே குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்தார். ஒலியையும் முந்தும் வேகத்தைத் துண்டு நாடாவால் பிடித்த சாமர்த்தியத்தை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது. கணித மாமேதை ஆய்லரே 1745இல் அந்நூலை விளக்கவுரையுடன் ஜெர்மனில் பெயர்த்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைப் பலப்படுத்த இங்கு வந்த ராபின்ஸ், 1751 ஜூலையில், தேவனாம்பட்டினத்தை ஒட்டிய புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் காலமானார். 1690இல் கம்பெனி அதே கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தொலைவுவரை எல்லையாகக் கொண்டதால், அதற்குள் அடங்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் வழங்கிவந்தது. பீரங்கிக் கணக்கில் தேர்ந்தவருக்கு ஏற்ற இடந்தான்.

சுட்டதும் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் பின்னியக்கமும் இதே கணக்கின் மறுபக்கமே. சுடுமுன் மொத்த உந்தம் சுழி. வெடிமருந்துப் புகையை விட்டுவிட்டால், குண்டு 4 அலகோடு முன்னே பாயும்போது 4 கிலோ துப்பாக்கி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். உந்தத்தின் அளவில் இரண்டும் சரிசமம். ஆற்றலிலோ குண்டுக்கு 800 ஜூல், துப்பாக்கிக்கு 2 ஜூல். கனமானது குறைவான ஆற்றலையே எடுத்துக்கொள்ளும் இந்தப் பங்கீட்டைப் புரிந்துகொண்டால், துப்பாக்கிக் கட்டையைத் தோளோடு இறுக்கிப் பிடிக்கச் சொல்வதன் காரணத்தைப் பேத்தியே கண்டுகொள்வாள். அவள் விடையை உன் அடுத்த கடிதத்தோடு அனுப்பி வை.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்