இரண்டு பருந்தைச் சோடியா விடுறதுக்கு முதல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட வாசகர் பக்கத்தில ஒருத்தர் எங்கட திருகோணமலை மீன் மார்க்கெட் பக்கத்துக் காகத் தொல்லையைப் பற்றி எழுதியிருந்தார். டுபாயில செய்யிற மாதிரி பழக்கின பருந்து ரெண்டைச் சோடியா விட்டால் ஒரு மாசத்தில எல்லாம் சரி, ஒண்டை விட ரெண்டு ரெண்டு மடங்கு வேலை செய்யும் எண்டு அதில இருந்திச்சு. அவர் சொன்னதில பாதி உண்மை, சோடியா விட்டால் வேலை நடக்கும், நான் என்ட கண்ணால கண்டனான். மற்றப் பாதியை அவர் எழுதேல்ல. அந்தப் பாதி தெரியாமல் தம்பலகாமப் பக்கம் ஒரு பெடியன் ரெண்டு வல்லூறுக் குஞ்சை ஒரே பெட்டிக்குள்ள போட்டு வைச்சு என்ன நடந்தது எண்டு பார்த்திட்டு வந்த ஆள் நான், அதனாலதான் பேனையை எடுத்தனான்.

நான் 9 வருஷம் டுபாயில ஒரு கம்பனியில வேலை செய்தனான், ஹோட்டல், மோல், கடலோர வீட்டுத்தொகுதி எண்டு போய்ப் புறாவையும் மைனாவையும் கலைக்கிற வேலை. முதல் 2 வருஷம் கூடு கழுவுறது, கோழிக்குஞ்சு வெட்டுறது, தராசில நிறுத்துக் கொப்பியில எழுதுறது மட்டும்தான், பிறகுதான் கையில பருந்தைத் தந்தவங்கள். அங்க பாவிக்கிறது ஹாரிஸ் பருந்து. எங்கட நாட்டில இல்லாத பறவை, அமெரிக்காவின்ட தென்மேற்குப் பாலைவனத்தில இருந்து கீழ சிலி, ஆர்ஜென்டினா வரைக்கும் உள்ளது. கடுங் கபில நிறம், தோள் செங்கல் கலர், வால் நுனி வெள்ளை.

என்னட்ட இருந்தது நூரா எண்ட பெட்டைப் பறவை, பறக்க விடுற நிறை 930 கிராம். அவளோட சோடியாப் பறந்தது 640 கிராம் ஆண் ஒண்டு. இந்தச் சாதியில பெட்டைதான் பெரிசு, ஆண் அவளின்ட மூண்டில ரெண்டு பங்குதான் இருக்கும், இதை ஞாபகம் வைச்சுக்கொள்ளுங்கோ பிறகு வரும்.

விடிய 5.30க்கு ஹோட்டல் மொட்டைமாடியில ஏறுவம். ஒரு பருந்தை மட்டும் விட்டால் புறாவுக்கு ஒரு கிழமையில கணக்குப் பிடிபட்டிடும், பருந்து கிழக்குப் பக்கம் போனால் அது மேற்குப் பக்கத்து ஏசி பெட்டிக்குப் பின்னால போய்க் குந்தியிருக்கும், பருந்து இந்தப் பக்கம் வர அது அந்தப் பக்கம், மனிசர் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுற மாதிரி. ரெண்டைச் சேர்த்து விட்ட முதல் நாள் நடந்ததை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டன். ஆண் கீழால, சுவரை உரசிற மாதிரிப் போகுது, நூரா அசையாமல் மேல தண்ணித் தாங்கி விளிம்பில இருந்து கழுத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், ஆண் மூலையைத் திரும்பின அந்த நேரத்துக்குச் சரியா அவள் மற்றப் பக்கத்தால விழுந்தாள், புறாக் கூட்டம் எங்க போறது எண்டு தெரியாமல் வீதியைத் தாண்டிப் பறந்தது. ஒருத்தரும் பழக்கேல்ல அதை. எங்களுக்குப் புறாவைக் கொல்லத் தேவையில்ல, கலைஞ்சு போனால் காணும், ரெண்டும் விசில் சத்தத்துக்கு ஆளுக்கொரு கையில வந்து இறைச்சித் துண்டு வாங்கும்.

இது பழக்கத்தால மட்டும் வந்ததில்ல, அதுகளின்ட ரத்தத்தில உள்ளது. 1988இல ஜேம்ஸ் பெட்னார்ஸ் எண்ட ஆராய்ச்சியாளர் நியூ மெக்சிகோவில காட்டு ஹாரிஸ் பருந்துகளைப் பின்தொடர்ந்து பார்த்து எழுதினவர், அதுகள் குடும்பமா 2 முதல் 6 வரை சேர்ந்து முயல் வேட்டை ஆடுது, முயல் பற்றைக்குள்ள பூந்தால் ஒண்டு உள்ள போய்க் கிளப்பும் மற்றதுகள் சுற்றி நிண்டு காவல் இருக்கும், ஓட்டம் நீண்டால் மாறி மாறித் துரத்தும், பிடிபட்டதை எல்லாம் சேர்ந்து தின்னும். அங்கத்தைய பெரிய முயல் ஒண்டு அந்தப் பருந்தை விட ரெண்டு மடங்குக்கு மேல நிறை, தனிய ஒரு பருந்தால லேசில ஏலாது. கூட்டம் கூடக் கூட ஒவ்வொரு பறவைக்கும் கிடைக்கிற பங்கும் கூடினது எண்டும் அவர் கணக்குக் காட்டியிருக்கிறார். பாலைவனத்தில உயரமா நிக்க இடம் குறைவு எண்டதால ஒரு கள்ளிச்செடி உச்சியில ஒண்டின்ட முதுகில மற்றது ஏறி நிக்கும், அதையும் பொறுத்துக்கொண்டு நிக்கும். வேற எந்தப் பருந்தின்ட முதுகிலயாவது ஏறி நிண்டு பாருங்கோவன் எண்டு எங்கட பயிற்சியாளர் சொல்லுவார்.

அதுதான் விஷயம். தமிழில நாங்கள் எல்லாத்தையும் பருந்து எண்டிடுறம், அரபிகள் கையில வைச்சிருக்கிறது ஃபால்கன், ராஜாளி வகை, அது முழுக்க வேற சாதி. 2008இல வந்த மரபணு ஆய்வின்ட படி ராஜாளிக்குக் கிட்டின சொந்தம் பருந்தில்ல, கிளி! ராஜாளியும் சோடியா விடப்பட்டிருக்கு, 19ஆம் நூற்றாண்டில நெதர்லாந்தில ஹெட் லோ எண்ட இடத்தில பணக்காரர் குதிரையில போய் கொக்குக்கு ரெண்டு ராஜாளியை விட்டவங்கள், கொக்கு மேல ஏற ஏற இதுகளும் மாறி மாறி மேல ஏறி அடிக்கும். ஆனா அந்தப் பறவைகளை ஒண்டோட ஒண்டு ஒத்துப் போகப் பழக்கிறதுக்கே தனியா ஆக்கள் இருந்தவங்கள், கீழ விழுந்த உடனே குதிரையை விரட்டிக்கொண்டு ஓடிப் போகவேணும், கொக்கின்ட அலகுக்கும் பயம், ரெண்டும் ஒண்டை ஒண்டு பிடிச்சிடும் எண்டும் பயம். கோஷாக் எண்ட காட்டு வல்லூறு இனத்தைப் பற்றி எங்கட ஆக்கள் கதைக்கவே மாட்டாங்கள், அதை இன்னொரு பறவையோட விட்டால் அந்தப் பறவை செத்துது எண்டே கணக்கு.

ஹாரிஸ் பருந்தும் எப்பவும் நல்லம் எண்டு நினைக்காதைங்கோ. எங்கட கம்பனிக்கு ஒருக்கா புது ஆண் பறவை ஒண்டு வந்தது. வழமையா புதுப் பறவையை மற்றதுகள் காணக்கூடிய தூரத்தில, ஆனா கால் எட்டாத தூரத்தில கட்டி வைச்சு, கிழமைக் கணக்கில ஒண்டின்ட முன்னால ஒண்டுக்குச் சாப்பாடு குடுத்து, எது பெரியவள் எது அடங்கிப் போறது எண்டு அதுகளே முடிவெடுக்க விட்டுத்தான் சேர்க்கிறது. அந்த முறை ஒரு பெரிய விருந்துக்கு முதல் வேலை முடிக்கவேணும் எண்டு அவசரம், மேல இருந்த ஒருத்தர் நூராவின்டயும் புது ஆணின்டயும் சாப்பாட்டைக் குறைச்சு நிறையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார், பசி இருந்தால் சொல்லுக் கேட்கும் எண்டு. அதுதான் பெரிய பிழை. பசி கூடினால் ஒரு பறவை தனிய இருக்கேக்க கைக்குக் கெதியா வரும், ரெண்டு இருக்கேக்க மற்றதின்ட காலில உள்ள துண்டைத்தான் பார்க்கும்.

ரெண்டையும் சேர்த்து விட்ட 4ஆம் நாள், அந்தப் புது ஆண் ஒரு புறாவைப் பிடிச்சிட்டுது, செடிக்குப் பக்கத்தில சிறகை விரிச்சு மூடிக்கொண்டு நிண்டது. நூரா மேல இருந்து கண்டாள். நான் 30 மீட்டர் தள்ளி நிண்டனான், ஓடிப் போறதுக்கிடையில அவள் புறாவில இல்ல, அந்த ஆணின்ட தொடையில ஒரு காலும் நெஞ்சில ஒரு காலும். கத்தவே இல்ல ரெண்டும். புதுசா வந்த பெடியன் ஒருத்தன் இழுக்கப் போனான், நான் கையைத் தட்டி விட்டனான், ஏனெண்டால் பருந்தின்ட கால் தசைநாணில பல்லு மாதிரி ஒரு பூட்டு இருக்கு, பிடிச்ச உடனே அது தானாப் பூட்டும், இழுக்க இழுக்க இறுகும். துவாயைத் தலையில போட்டு இருட்டாக்கி, மூச்சு அடங்கும் வரைக்கும் பார்த்திருந்து, பின் விரல் நகத்தை முதல் மெல்ல எடுத்து, பிறகு முன் விரல் ஒவ்வொண்டா. 5 நிமிஷம் வந்திருக்கும், எனக்கு ஒரு மணித்தியாலம் மாதிரி. வெளியில பெரிய காயம் தெரியேல்ல, நாலு சின்ன ஓட்டை, ரத்தம் கூட கனக்க வரேல்ல. 3ஆம் நாள் அந்த ஆண் செத்துப் போச்சு. நகத்தில இருக்கிற அழுகின இறைச்சிக் கிருமி உள்ளுக்குப் போனால் அப்படித்தான் எண்டு டொக்டர் சொன்னவர். அவரைக் கூப்பிட்டதே அடுத்த நாள்தான், அண்டைக்கே மருந்து போட்டிருந்தால் எண்டு இண்டைக்கும் யோசிப்பன்.

நூராவில பிழை இல்ல. ஒரு சின்ன ஆணுக்கும் 930 கிராம் பெட்டைக்கும் நடுவில நாங்கள் செய்யவேண்டின வேலையைச் செய்யேல்ல, அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகு நான் சோடி விட்டால் ஒரு பருந்துக்கு ஒரு ஆள், குறைஞ்சது ரெண்டு பேர் இல்லாமல் விடமாட்டன். ஒண்டு பிடிச்ச உடனே மற்றதைத் தன்ட ஆள் விசில் அடிச்சுக் கைக்குக் கூப்பிட்டுப் பெரிய துண்டா ஒண்டு குடுக்கவேணும், அது தின்னத் தொடங்கின பிறகுதான் பிடிச்சதுக்குக் கிட்டப் போறது. தனித் தனியக் கைக்கு வராத பறவை சோடியா ஒருநாளும் வராது. காலில ட்ரான்ஸ்மிட்டர் ரெண்டுக்கும் இருக்கவேணும், ஒண்டு வழி தவறினால் மற்றதும் அதின்ட பின்னால போகும், ஒருநாளில ரெண்டையும் துலைச்சவங்கள் இருக்கினம். இவ்வளவையும் சரியாச் செய்தால் கிடைக்கிற சந்தோஷம் வேற எதிலயும் இல்ல, அதை நான் மறைக்கேல்ல. பருந்து, ராஜாளி பழக்கிற இந்தப் பழைய கலையை யுனெஸ்கோ 2010இல மரபுரிமைப் பட்டியலில சேர்த்தது, 2021இல அது 24 நாட்டுக்கு விரிஞ்சது, பெருமைப்பட வேண்டின விஷயம்தான்.

ஆனா திருகோணமலைக்கு அது வேண்டாம் ஐயா. ஹாரிஸ் பருந்து இங்க பிறந்த பறவை இல்ல, குடும்பமா வாழுற பறவை, சோடியாத் தப்பினால் சோடியாவே தங்கிடும். எங்கட பறவைகளைப் பிடிச்சுப் பழக்கலாம் எண்டால் அதுக்கு 1937ஆம் ஆண்டில இருந்தே தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கு, பருந்தைப் பிடிக்கிறதும் கூட்டில அடைக்கிறதும் குற்றம். மீன் மார்க்கெட்டில காகம் வாறது குடலும் செவுளும் திறந்த வாளியில கிடக்கிறதால, அதுக்கு மூடி போட்டாலே பாதி போயிடும். காகம் கூட்டமாச் சேர்ந்து செம்பருந்தைத் துரத்துறதை உள்துறைமுகப் பக்கம் நிண்டால் எந்த நாளும் காணலாம், பருந்தைக் கண்டால் காகம் பயப்பிடும் எண்டு நினைக்கிறவர் அதைப் பார்க்கேல்ல போல.

கடைசியா அந்தத் தம்பலகாமத்துப் பெடியன். வயல் பக்கத்து மரத்தில இருந்து எடுத்த ரெண்டு வல்லூறுக் குஞ்சு, ஃபோனில வீடியோ பார்த்திட்டுச் சோடியாப் பழக்குவம் எண்டு ஆசை. ரெண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளை சண்டை பிடிக்காது எண்டு தாய் நினைச்சவ. சோறும் பாணும் குடுத்திருக்கிறாங்கள், அது இறைச்சி, எலும்பு, தோல் எல்லாம் சேர்த்துத் தின்னவேண்டின பறவை. சாப்பாடு காணாட்டில் கூட்டிலயே பெரிய குஞ்சு சின்னதைக் கொல்லும், பருந்துச் சாதியில அது நடக்கிறதுதான். நான் போகேக்க சின்னதின்ட சிறகும் ஒரு காலும்தான் பெட்டியில கிடந்தது. பெடியன் பக்கத்தில குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தான், 13 வயசு இருக்கும், கெட்ட பிள்ளை இல்ல, பறவையில உயிர் அவனுக்கு. மிஞ்சினதை நானும் தாயும் அவனுமாப் போய் வனஜீவராசிகள் திணைக்கள ஆக்களிட்ட குடுத்தம், அவங்கள் ஒரு வார்த்தை ஏசாமல் வாங்கினவங்கள்.

அதனால ஆசிரியரிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த கூடு கட்டுற காலத்துக்கு முதல், வனஜீவராசிகள் திணைக்களத்தின்ட திருகோணமலை அலுவலக தொலைபேசி நம்பரை உங்கட பத்திரிகையில ஒரு மூலையில பெரிய எழுத்தில போடுங்கோ. கீழ விழுந்த குஞ்சைக் கண்டால் கையில எடுக்கிறதுக்கு முதல் அந்த நம்பருக்கு எடுக்கச் சொல்லி ரெண்டு வரியும் சேர்த்துப் போடுங்கோ. அந்தப் பெடியனை நான் ஞாயிற்றுக்கிழமைகளில கோணேசர் மலைக்குக் கூட்டிக்கொண்டு போறன், கடற்கழுகுச் சோடி கடல் பக்கம் வட்டம் போடுறதைப் பார்க்கிறதுக்கு, எது ஆண் எது பெட்டை எண்டு இப்ப அவன் எனக்கு முதல் சொல்லுறான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.